புயல் கரையைக் கடக்கும் முன்

மொட்டைமாடி சின்டெக்ஸ் டேங்கை விளிம்புவரை நிரப்புங்கள். காலி டேங்க் காற்றில் பறக்கும். கரண்ட் போனால் மோட்டாரும் ஓடாது. தென்னையில் முற்றிய குலைகளையும் அடிமட்டைகளையும் வெட்டி இறக்கித் தலைப்பாரத்தைக் குறையுங்கள். 2018 கஜாவில் வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. வெட்டிய மட்டையை முற்றத்தில் விடாதீர்கள். அது பக்கத்து வீட்டு ஜன்னலைத்தான் தேடிப் போகும்.

பலரும் ஏமாறுவது புயலின் கண்ணில், அதாவது அதன் அமைதியான நடுப்பகுதி நம்மைக் கடக்கும்போது. நம் கிழக்குக் கரையில் வடக்கிலிருந்து அடித்த காற்று சட்டென அடங்கும், சில நேரம் நட்சத்திரம்கூடத் தெரியும். ஓடு சரிபார்க்க வெளியே கிளம்பாதீர்கள். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். முதல் காற்றில் ஆட்டங்கண்ட மரமும் ஓடும் அப்போதுதான் விழும். ஆகவே தெற்குப் பக்க ஜன்னல்களையும் முன்னதாகவே தாழிட்டு வையுங்கள்.