சீட்டுக்கு அடியில் நான்கு பிளக்: மலையில் ஓடும் பெட்ரோல் பிக்கப்புக்கு நாமே ஸ்பார்க் பிளக் மாற்றும் முறை

நீலகிரியில் காய்கறி ஏற்றும் பிக்கப்களில் பெரும்பாலானவை இன்னும் டீசல் வண்டிகளே. தீப்பொறியால் எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் டீசல் எஞ்சினில் கிடையாது. குளிர்ந்த காலையில் சிலிண்டரைச் சூடேற்றித் தரும் க்ளோ பிளக்கின் வேலையும் வேறு, அதைக் கழற்றும் முறையும் வேறு. ஆகவே இது பெட்ரோலிலோ சிஎன்ஜியிலோ ஓடும் சிறு பிக்கப் வைத்திருப்பவர்களுக்காக எழுதப்படுகிறது. மாருதி சூப்பர் கேரி என்றால் நான்கு சிலிண்டர், டாடா இன்ட்ரா வி20 என்றால் மூன்று, டாடா ஏஸ் கோல்டு பெட்ரோல் என்றால் இரண்டு. சிலிண்டருக்கு ஒன்றாகப் பிளக் வாங்கிக்கொள்ள வேண்டும். என்னுடையது நான்கு சிலிண்டர் வண்டி. கேத்தி பாலாடாவிலிருந்து கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதும், திரும்பும்போது உர மூட்டைகளோடு ஏறி வருவதும் அதன் அன்றாட வேலை.

மலையில் பிளக் தேய்ந்திருப்பதைக் கண்டுகொள்வதே முதல் சிக்கல். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலும் ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன; ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு என்பதால், நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் எஞ்சின்கூட மேலே வரவர அந்த அளவுக்கு இழுவையை இழந்துவிடுகிறது. இதனால் "மேலே வந்தால் வண்டி இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே தேய்ந்த பிளக்கோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. உயரத்தால் குறையும் இழுவை சீராகக் குறையும், வண்டி உதறாது. பிளக் தவறினால் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். அந்த வெட்டல் ஊட்டியைவிட, மலைப்பாதையின் கீழ்ப்பகுதியில் உள்ள கல்லாறு, பர்லியாறு பக்கத்தில்தான் தெளிவாகத் தெரியும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். கீழே காற்று அடர்த்தியாக இருப்பதால் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். அழுத்தம் கூடினால் தீப்பொறி தாவுவதற்கு வேண்டிய வோல்டேஜும் கூடும். முனைகள் தேய்ந்து, தீப்பொறி தாவும் இடைவெளி அகன்ற பிளக் அங்கேதான் முதலில் தோற்கும். எனவே பாரத்தோடு மலை ஏறத் தொடங்கும் முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே வண்டியின் போக்கைக் கவனிக்க வேண்டும்.

இந்த அறிகுறிகள் தெரியும்வரை காத்திருக்காமல் கிலோமீட்டர் கணக்குப்படி மாற்றிவிடுவதே சிக்கனம். சாதாரண நிக்கல் பிளக்குகள் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரையிலும், இரிடியம் முனை கொண்டவை 1,00,000 கிலோமீட்டர் வரையிலும் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் வண்டியின் கையேட்டில் இதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அதுவே சரி. சிஎன்ஜியில் ஓடும் வண்டிக்குத் தீப்பொறியின் வோல்டேஜ் கூடுதலாகத் தேவைப்படுவதால் பிளக்கின் ஆயுள் குறையும். தேய்ந்த பிளக்கோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் அதன் சுமையை, பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயில் சுமக்கிறது, பிறகு காயிலுக்கும் சேர்த்துச் செலவழிக்க நேரும்.

பிளக் வாங்கும்போது கையேட்டில் உள்ள எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு வாங்குங்கள். "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்று கடையில் வேறு நிறுவனத்துப் பிளக்கைக் கொடுத்தால் நடுவில் உள்ள வெப்ப எண்ணை (முனையின் சூட்டைப் பிளக் எவ்வளவு விரைவாக வெளியேற்றும் என்பதைக் காட்டும் எண்) மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக்கூடப் பிளக் குளிர்ந்த வகை, பாஷில் எண் கூடக்கூடச் சூடான வகை. குளிர்ப் பிரதேசம் என்பதால் ஒரு படி சூடான பிளக்கைப் போடலாம் என்ற யோசனையும் இங்கே அடிக்கடி காதில் விழுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிளக்கின் பீங்கான் முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் 800 டிகிரியைத் தாண்டிவிட்டால் தீப்பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டனைக் கெடுத்துவிடும். காலையில் உறைபனியில் கிளம்பும் அதே வண்டிதான் மதியம் மேட்டுப்பாளையத்து வெயிலில் முழுப் பாரத்தோடு ஏறப்போகிறது. நிறுவனம் சொன்ன வெப்ப எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள், எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. உள்ளே ரப்பரோ காந்தமோ வைத்த பிளக் சாக்கெட், நீள எக்ஸ்டென்ஷன், ராட்செட், காயில் போல்டுக்குப் பத்தாம் எண் சாக்கெட், கம்பி வகை இடைவெளி அளவி, முடிந்தால் முறுக்கும் வலுவை அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச் ஆகியவை போதும். 14 மில்லிமீட்டர் மரை கொண்ட பிளக்குக்குப் பெரும்பாலும் பதினாறாம் எண் சாக்கெட்டும், 12 மில்லிமீட்டர் மரை கொண்டதற்குப் பெரும்பாலும் பதினான்காம் எண்ணும் பொருந்தும். இவற்றோடு ஒரு சாண் நீளப் பெட்ரோல் டியூப், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு, ஒரு காலி முட்டை அட்டை ஆகிய மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்பது பின்னால் தெரியும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். மலை ஏறி வந்த வண்டி அரை மணி நேரத்தில் ஆறாது. இரவு நிறுத்திவிட்டுக் காலையில் தொடங்குவதே என் வழக்கம். பிளக் திருகி உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது, பிளக்கின் உடல் இரும்பு; சூட்டோடு சூடாகக் கழற்றினால் மென்மையான அலுமினிய மரை பிளக்கோடு சேர்ந்து பிய்ந்து வர வாய்ப்புண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு, அவசரத்துக்கு வழியில் ஒரு பட்டறையில் பிளக் மாற்றச் சொன்னேன். எஞ்சின் சூட்டில் கை வைக்க முடியாத நிலையிலேயே கழற்றி, புதிய பிளக்கை ராட்செட்டிலேயே தொடங்கி முறுக்கினார்கள். மூன்றாம் சிலிண்டரில் பிளக் கோணலாக ஏறி மரையை அரைத்துவிட்டது. ஹெட்டில் புது மரை வெட்டி உள்ளே சுருள் பொருத்தும் வரை நான்கு நாட்கள் வண்டி ஓடவில்லை, பிடுங்கி வைத்த கேரட்டை வாடகை வண்டியில்தான் அனுப்பினேன். பிளக்கை நானே மாற்றத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

எங்கள் பக்கம் வீட்டு வாசலில் சமதளம் கிடைப்பது அரிது. கிடைத்த இடத்தில் கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இவ்வகைச் சிறு பிக்கப்கள் பலவற்றில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சீட்டைத் தூக்கினால் மூடி தெரியும். அதைத் திறந்தால் ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். சில எஞ்சின்களில் காயில் தனியாக இருந்து தடித்த வயர் மட்டும் பிளக்குக்கு வரும். அப்படியானால் எந்த வயர் எங்கே என்று முதலில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் குளிரில் நொறுங்கிவிடும். போல்டை எடுத்ததும் காயிலை இடமும் வலமுமாகச் சற்றுத் திருகி, பிடி தளர்ந்த பிறகு நேராக மேலே தூக்குங்கள்.

இப்போது பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டத்து மண் ஒட்டிய வண்டியைக் கேரட் கழுவும் இடத்திலேயே அழுத்தமான தண்ணீரால் அடித்துக் கழுவுவது நம் பக்கத்துப் பழக்கம் என்பதால், குழியின் அடியில் செம்மண்ணும் சில நேரம் தண்ணீரும் தேங்கியிருக்கும். இதைச் சுத்தம் செய்யாமல் பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். சைக்கிள் பம்பின் குழாயை உள்ளே விட்டு நன்றாக ஊதுங்கள். பிறகு பிளக்கை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, மீண்டும் ஒரு முறை ஊதுங்கள். விளிம்பில் ஒட்டியிருந்த துகள்கள் அப்போதுதான் கிளம்பும். அதற்குப் பிறகே முழுவதும் கழற்றுங்கள். வழியில் திருகுவதற்குக் கடினமானால் வலுவைக் கூட்டாதீர்கள். துரு நீக்கும் எண்ணெயைச் சில சொட்டு விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் கொஞ்சம் தளர்த்துவதும் கொஞ்சம் முறுக்குவதுமாக முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள்.

கழற்றிய பிளக்குகளை முட்டை அட்டையின் குழிகளில் 1, 2, 3, 4 என்று எழுதி வரிசையாக நிறுத்துங்கள். கீழே கிடக்கும் நான்கு பிளக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அவை எதையும் சொல்லாது. வரிசையில் நின்றால் எந்தச் சிலிண்டரில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எல்லாம் சரி. உலர்ந்த, விரலில் ஒட்டும் கருங்கரி நான்கிலும் இருந்தால், வண்டி சூடேறுவதற்குள் நிறுத்தி நிறுத்தி ஓட்டப்படுகிறது என்று பொருள். டிசம்பர், ஜனவரியில் தோட்டத்துக்கும் கழுவும் இடத்துக்கும் இடையில் மட்டும் ஓடும் வண்டியில் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கரி ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் கவனிக்க வேண்டும். மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் இறங்கும்போது சிலிண்டருக்குள் இழுப்பு மிக அதிகமாகி, தேய்ந்த வால்வு சீல் வழியாகவும் பிஸ்டன் ரிங் வழியாகவும் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஒரு பிளக்கில் மட்டும் இது தெரிந்தால் அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷனை, அதாவது உள் அழுத்தத்தை, பார்க்கச் சொல்லுங்கள். அதற்காக இரண்டாம் கியரில் இறங்குவதை விட்டுவிடக் கூடாது, பிரேக் அதைவிட முக்கியம். முனை சுண்ணாம்பு வெள்ளையாக, கொப்பளம் கண்டதுபோல இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடாமல் காரணத்தைத் தேட வேண்டும்.

வெள்ளைப் பீங்கானின் மேற்பகுதியில், உலோகத்தை ஒட்டி, தேநீர்க் கறை போல ஒரு பழுப்பு வளையம் தெரியும். உள்ளிருந்து புகை கசிகிறது என்று பலர் இதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். உண்மையில் அது உயர் வோல்டேஜால் காற்றில் உள்ள எண்ணெய்த் துகள்கள் ஈர்க்கப்பட்டுப் படிந்த கறைதான், அதனால் கேடில்லை. மாறாக, பீங்கானின் மேல் நீளவாக்கில் பென்சிலால் கீறியதுபோல ஒரு கருங்கோடு தெரிந்தால், மின்சாரம் முனைக்குப் போகாமல் வெளிப்பக்கமாகத் தாவியிருக்கிறது. அந்தப் பிளக்குக்கு மேலிருந்த காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே கோடு இருக்கும். உறையையும் மாற்றாவிட்டால் புதிய பிளக்கிலும் கோடு விழும்.

புதிய பிளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கம்பி அளவியால் இடைவெளியைச் சரிபாருங்கள். கையேட்டில் உள்ள அளவே முடிவானது. பல எஞ்சின்களில் அது 0.8 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். இரிடியம் பிளக்கில் நடு முனை ஊசிபோல மெல்லியது என்பதால் வட்ட நாணய வகை அளவியை இடையில் செருகி நெம்பக் கூடாது. கைதவறித் தரையில் விழுந்த பிளக்கைப் போடவும் கூடாது. பீங்கானின் விரிசல் வெளியே தெரியாது.

பெட்ரோல் டியூப் இப்போதுதான் தேவைப்படும். அதன் ஒரு முனையைப் பிளக்கின் தலையில் செருகிக் குழிக்குள் இறக்கி, மறு முனையை இரண்டு விரல்களால் உருட்டுங்கள். மரை சரியாகப் பிடித்தால் பிளக் மெதுவாக உள்ளே இறங்குவது விரலில் தெரியும். கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிச் சுற்றுமே தவிர மரையை அறுக்காது. பட்டறையில் அன்று இந்த ஒரு சாண் டியூப்பைப் பயன்படுத்தியிருந்தால் என் ஹெட் தப்பியிருக்கும். வழுக்கினால் இடப்பக்கம் மெல்லத் திருப்பி, மரை விழுந்து உட்காரும் சிறு அசைவை உணர்ந்து, மீண்டும் வலப்பக்கம் தொடங்குங்கள். வாஷர் ஹெட்டைத் தொடும்வரை கையாலேயே இறங்க வேண்டும்.

அதன்பின் முறுக்க வேண்டிய அளவு கையேட்டிலோ பிளக் பெட்டியிலோ இருக்கும். வாஷர் வைத்த 14 மில்லிமீட்டர் பிளக்குக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், புதிய பிளக்கை வாஷர் தொட்ட இடத்திலிருந்து அரைச் சுற்று திருப்பினால் பெரும்பாலும் போதும். பழைய பிளக்கையே திரும்பப் போடுவதாக இருந்தால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால், கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். வாஷரே இல்லாமல் கூம்பாக உட்காரும் பிளக்குக்கு அதைவிடக் குறைவு, பதினாறில் ஒரு சுற்று. மரையில் கிரீஸ் தடவும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்; இப்போதைய பிளக்குகளின் மரையில் பூச்சு இருக்கிறது, கிரீஸ் தடவினால் அதே வலுவில் கூடுதலாக முறுக்கிவிடுவோம்.

காயிலின் ரப்பர் உறை வாயில் மின்கடத்தா சிலிக்கோன் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் மூடுபனி ஈரம் உள்ளே போகாது, அடுத்த முறை கழற்றவும் எளிது. காயிலை நேராக அழுத்தி உட்காரவைத்து, போல்டைச் சிறு பிடியில் முறுக்கி, கனெக்டர் 'டக்' என்று பூட்டும் ஒலியைக் கேட்ட பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் சில நிமிடம் ஓடவிடுங்கள். எஞ்சின் உதறினால் முதலில் கனெக்டர்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று சரியாகப் பூட்டாமல் இருக்கும். செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதை எரித்துவிடும். எஞ்சினின் பிழைக் குறியீட்டைப் படிக்கும் சிறு கருவி கையில் இருந்தால் பி0302 என்பது இரண்டாம் சிலிண்டர் தவறுவதைக் குறிக்கும். அந்தக் காயிலை மூன்றாம் சிலிண்டரின் காயிலோடு மாற்றிப் போட்டு, குறியீட்டை அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் கெட்டது காயில்தான்; பி0302 ஆகவே இருந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக்கையும், அதுவும் சரியாக இருந்தால் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும்.

மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் சீட்டுக்கு அடியில் உள்ள மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதிவையுங்கள். நான் முதல் பாரத்தைக் கீழே இறக்கித் திரும்பும்போது கல்லாறு தாண்டியதும் வெட்டல் போய்விட்டதா என்று மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திப் பார்க்கிறேன்.