எல்.சி.ஏ. ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மண்டபத்து ஐஸ் பெட்டிக் கணக்கு

போன மாதம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் சில இளைஞர்களுக்கு எல்.சி.ஏ., அதாவது வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு, சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பொருள் உருவாவது முதல் குப்பையாவது வரை சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு செய்கிறது என்று கூட்டிப் பார்க்கும் கணக்கு அது. மீன் அனுப்பும் இரண்டு வகைப் பெட்டிகளை ஒப்பிடச் சொல்லியிருந்தேன். மதியத்துக்குள் ஒரு பையன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். ஒரு பச்சைப் பட்டை, ஒரு சிவப்புப் பட்டை. "சார், இதுதான் நல்ல பெட்டி" என்றான். பல வருடங்களுக்கு முன் நான் ஒரு கம்பெனிக்காரரிடம் காட்டியதும் இதே படம்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

அலகைக் குழப்புவது, லாரிப் பயணத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. சரிபார்ப்பவர் அவற்றைப் பிடித்துவிடுவார்.

எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண் போடுவது

அந்தக் கம்பெனிக்காரருக்காக நான் அன்று ஒப்பிட்டதும் ஐஸ் பெட்டிதான். ஒருமுறை போய்த் திரும்பாத தெர்மாகோல் பெட்டி ஒரு பக்கம். கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் தடித்த பிளாஸ்டிக் பெட்டி மறுபக்கம். கார்பன், அமிலமாதல், தண்ணீர் என்று தனித்தனியாக எண்கள் வந்தன. அவற்றை மென்பொருளில் ஏற்கெனவே இருந்த ஐரோப்பியச் சராசரியால் வகுத்து, அதில் இருந்த வெயிட்டேஜையே, அதாவது எந்தக் கேட்டுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்ற எண்ணையே, போட்டுக் கூட்டினேன். பிளாஸ்டிக் பெட்டி ஜெயித்தது. கழுவும் தண்ணீர் அந்தப் படத்தில் மயிரிழைக் கோடாக இருந்தது. கம்பெனிக்காரர் என்னை நம்பிப் பெட்டிகளை வாங்கினார்.

சித்திரை வெயிலில் திரும்பப் போனேன். ஷெட் வாசலில் தண்ணீர் லாரி நின்றது. பெட்டி கழுவும் அக்கா ஒருவர், கையில் பிரஷ்ஷோடு, "தம்பி, நாங்க குடிக்கக் குடம் காசு குடுத்து வாங்குறோம். பெட்டி குளிக்கிறதுக்கு லாரி வருது" என்றார். காவிரித் தண்ணீர் குழாய் வழியாக வந்து சேர வேண்டிய மாவட்டம் இது. இங்கே மயிரிழையாக வரக்கூடாத ஒன்று இருந்தால் அது தண்ணீர்தான்.

எங்கே பிசகியது? வகுப்பதில். நார்மலைசேஷன் என்பது உங்கள் எண்ணை ஏதோ ஓர் ஊரின் மொத்தத்தால் வகுப்பது. புரிவதற்காக நானே போட்ட எண்களைப் பாருங்கள். 100 கிலோ மீன் அனுப்ப, தெர்மாகோலுக்கு 10 கிலோ கார்பன், 100 லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக்குக்கு 8 கிலோ, 160 லிட்டர். ஓர் ஊரில் தலைக்கு ஆண்டுக்கு 1,000 கிலோ கார்பன், 10,000 லிட்டர் தண்ணீர் என்றால், தெர்மாகோல் 0.020, பிளாஸ்டிக் 0.024. சின்ன எண்தான் நல்லது, அதனால் தெர்மாகோலே மேல். வேறோர் ஊரில் கார்பன் அதேதான், தண்ணீர் மட்டும் 1,00,000 லிட்டர் என்றால், தெர்மாகோல் 0.011, பிளாஸ்டிக் 0.0096. இப்போது பிளாஸ்டிக் மேல். அதே பெட்டி, அதே மீன். தண்ணீரை அள்ளி இறைக்கும் ஊரின் மொத்தத்தால் வகுத்தால் நம் தண்ணீர் துளியாகிவிடும். எந்தக் கேடு ஓர் ஊரில் மலிந்து கிடக்கிறதோ, அந்த ஊரை அளவுகோலாக வைத்தால் அந்தக் கேடுதான் சின்னதாகத் தெரியும்.

கூட்டுவதில் இன்னொரு வில்லங்கம். கூட்டினால் ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபம் அடைத்துவிடும். மிச்சம் பிடித்த கார்பன் வந்து அந்த அக்காவின் குடத்தை நிரப்பாது. எல்.சி.ஏ.வுக்கான ஐ.எஸ்.ஓ. 14044 தரநிலை நார்மலைசேஷனையும் வெயிட்டேஜையும் விருப்பப் பகுதியாகத்தான் வைத்திருக்கிறது. 'இது அதைவிட மேல்' என்று பொதுவில் அறிவிக்கப்போகும் ஆய்வில் வெயிட்டேஜ் கூடாது என்றே சொல்கிறது. அன்று நான் அதைப் படித்திருந்தும் சட்டை செய்யவில்லை.

இப்போது வகைவாரி எண்களைத்தான் முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். தண்ணீரை லிட்டரோடு விடாமல், ஒவ்வோர் இடத்திலும் தண்ணீர் எவ்வளவு அரிது என்று காட்டும் 'அவேர்' முறையின் தட்டுப்பாட்டுக் காரணியால் பெருக்குகிறேன். அது உலகச் சராசரியை 1 என்று வைத்து, 0.1 முதல் 100 வரை போகும். மாதவாரியாகவும் உண்டு. வடகிழக்குப் பருவமழை பெய்த கார்த்திகையும் சித்திரையும் இங்கே ஒன்றல்லவே. கட்டாயம் ஒரே எண் வேண்டும் என்றால், மூன்று நான்கு அளவுகோல்களையும் வெயிட்டேஜ்களையும் மாற்றி மாற்றிப் போடுவேன். வரிசை புரண்டால், ஜெயித்தவர் பெயரை அறிக்கையில் எழுத மாட்டேன்.

காலிக் கட்டத்தைப் பூஜ்ஜியமாகப் படிப்பது

தெர்மாகோல் கரையில் நொறுங்கி வெள்ளைப் பொடியாகப் பாசியோடு பின்னிக் கிடப்பதை பாம்பனில் குனிந்தால் பார்க்கலாம். கேடுகளை வகைவகையாகக் கணக்கிடும் ரெசிபி 2016 முறையில் கடல் குப்பைக்கென்று ஒரு வகையே இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கு எதிரே உட்கார்ந்து அதை விட்டுவிடாதீர்கள். எண் இல்லாவிட்டால் வாக்கியமாக எழுதுங்கள்.

பிழைப்பட்டைகள் உரசினால் 'இரண்டும் சமம்' என்பது

பிழைப்பட்டை என்பது ஓர் எண் எவ்வளவு முன்பின் போகலாம் என்று காட்டும் கோடு. இரண்டு பெட்டிக்கும் மின்சாரம் ஒன்றே, ஐஸ் ஒன்றே. மான்டி கார்லோ, அதாவது உள்ளீட்டு எண்களை மாற்றி மாற்றிப் பல சுற்று போடும் கணக்கு, ஓட்டும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டுக்கும் அதே மின்சார எண்ணைக் கொடுத்து, வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். தனித்தனியாக ஓட்டினால் உண்மையான வித்தியாசமும் மூடிப்போகும்.

மீத்தேன்

மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட எத்தனை மடங்கு சூடேற்றும் என்ற எண் அறிக்கைக்கு அறிக்கை மாறும். ஒரு பெட்டிக்கு 25, மற்றதற்கு 28 என்று கலக்காதீர்கள். இரண்டுக்கும் ஐ.பி.சி.சி. என்ற ஐ.நா. காலநிலைக் குழுவின் ஒரே அறிக்கை.