மோர்ஸ் பழகுபவர்கள் முதல் கீ வாங்குவதில் செய்யும் தவறுகள்

மோர்ஸ் தந்திக் குறிகளை அனுப்பக் கையால் அழுத்தும் கருவிதான் கீ. மேலும் கீழும் அழுத்தும் ஸ்ட்ரெய்ட் கீயில் தொடங்கினால்தான் மோர்ஸ் கைவரும் என்று சொல்வார்கள். அதை அப்படியே நம்பி வாங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு டிட் (குறுகிய ஒலி) 60 மில்லிசெகண்ட், டா (நீண்ட ஒலி) அதற்கு மூன்று மடங்கு, அதாவது 180. ஸ்ட்ரெய்ட் கீயில் இந்த அளவெல்லாம் மணிக்கட்டின் பொறுப்பு. காது தேறுவதற்குள் கை முந்திக்கொண்டால் குட்டையான டாவும் இழுத்த டிட்டும் அப்படியே படிந்துவிடும். படிந்ததை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம். பேடிலும் (ஒரு பக்கம் டிட், மறுபக்கம் டா என அழுத்தும் கீ) கீயரும் (அழுத்தியதற்கேற்ப டிட், டாவை உருவாக்கும் மின்னணுக் கருவி) இருந்தால் அந்த நீளங்களைக் கீயர் பார்த்துக்கொள்ளும். எழுத்துகளுக்கு நடுவிலும் சொற்களுக்கு நடுவிலும் விடும் இடைவெளி மட்டும்தான் உங்கள் வேலை. அதனால் புதியவர் யார் கேட்டாலும் பேடில் என்றுதான் சொல்வேன். ஸ்ட்ரெய்ட் கீ மேல் ஆசை இருந்தால், காது தேறிய பிறகு தாராளமாக வாங்கலாம்.

சரி, பேடில் வாங்கியாயிற்று. அடுத்து கவனிக்க வேண்டியது கீயரின் ஐயாம்பிக் ஏ, பி முறைகள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து அழுத்தினால் டாவும் டிட்டும் மாறி மாறி வரும். கேட்கும் யாரையும் பேச அழைக்கும் சிக்யூ (CQ) அழைப்பின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: டா டிட் டா டிட். இரண்டாவது டா ஒலிக்கும்போதே விரல்களை எடுத்துவிட்டால், பி முறையில் கீயரே கடைசி டிட்டைச் சேர்த்துவிடும். ஏ முறையில் அந்த டாவோடு நின்று, 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'கே' போகும். கீ பழுதென்று நினைத்துத் திருகாணிகளைத் திருகுவதற்கு முன்னால் இந்த செட்டிங்கைப் பாருங்கள். ஏதாவது ஒரு முறையில் பழகி, அதிலேயே இருங்கள்.

எடை குறைந்த கீயை மட்டும் வாங்காதீர்கள். என் முதல் பேடில் டா அழுத்தும்போதெல்லாம் மேஜையில் நகர்ந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டே அனுப்பினேன். குறிப்பெழுதக் கை இல்லை. கனமான இரும்புத் தகட்டில் திருகி வைத்த பிறகுதான் விரல் லேசானது.

பழைய பக் கீயின் அழகில் மயங்குபவர்களும் உண்டு. அதில் டிட் மட்டும் தானாக வரும், டா கையால். மெதுவாக ஓட்டுவது சிரமம் என்பதால் முதல் கீயாக வேண்டாம்.

அப்புறம், ஸ்பிரிங்கை இறுக்கமாக வைக்காதீர்கள். அழுத்தி அழுத்தி அரை மணி நேரத்தில் முழங்கை வரை வலித்தால், கையைக் குறை சொல்லாமல் ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள்.