இராமநாதபுரக் கடற்கரையில் தாவரச் சாயம்: துணிக்கும் தாளுக்கும்

தாவரச் சாயம் ஏற்றப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் பூவையும் பட்டையையும் தேடிக்கொண்டு போகிறார்கள். மண்டபம் தொடங்கிச் சாயல்குடி வரையுள்ள கடலோர ஊர்களில் முதலில் தேட வேண்டியது நல்ல தண்ணீர். இப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. ஒரு குவளை நீரில் சிறிது சோப்பைச் சீவிப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். நுரை எழாமல் வெண்மையான கசடு மேலே மிதந்தால் அந்த நீர் சாய வேலைக்கு உதவாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு கலந்திருந்தால் ஆவாரம்பூவின் மஞ்சள் கூடச் சேற்றுப் பச்சையாக மங்கிவிடும். எனவே ஊருணி நீரையோ, ஐப்பசி கார்த்திகை மழையில் கூரையிலிருந்து பிடித்து மூடிவைத்த நீரையோ சாயத்துக்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும். துணியை முதலில் அலசக் கிணற்று நீர் போதும். கடைசி அலசலும் அதற்குப் பிந்தைய எல்லா வேலைகளும் நல்ல நீரில்தான் நடக்க வேண்டும்.

துணி வெளுக்காத பருத்தியாக இருப்பது நல்லது. பரமக்குடி, எமனேசுவரம் பக்கத்துத் தறிகளில் வாங்கும் துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். அதைப் போக்காமல் விட்டால் சாயம் திட்டுத்திட்டாகவே பிடிக்கும். 250 கிராம் துணியை ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் இரண்டு தேக்கரண்டி சலவைச் சோடாவும் சிறிது சோப்பும் சேர்த்த நீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். நீர் கலங்கிப் பழுப்பாக மாறும். அலசிய துணியின் மேல் ஒரு சொட்டு நீரை விட்டால் அது உருண்டு நிற்காமல் உடனே உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் மீண்டும் கொதிக்கவைக்க வேண்டியதுதான்.

அடுத்து நிறத்தைப் பிடித்து வைக்கும் பொருள்கள். பருத்தி இழை தாவர நிறங்களைத் தானாகப் பற்றிக்கொள்வதில்லை. முதலில் துவர்ப்பும் பின்னர் உலோக உப்பும் ஏற வேண்டும். துவர்ப்புக்குக் கடுக்காயே சிறந்தது. 250 கிராம் துணிக்கு 50 கிராம் கடுக்காய்த்தூளை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, அதில் துணியை ஓர் இரவு அமிழ்த்தி, அலசாமல் பிழிந்து வெயிலில் உலர்த்துங்கள். துணி இளமஞ்சளாகத் தெரியும். கடுக்காய் கிடைக்காவிட்டால் கண்மாய்க்குள் வளர்ந்திருக்கும் நாட்டுக் கருவேலத்தின் காய்கள் உதவும்; கோடையில் முற்றி உதிரும்போது பொறுக்கி, விதை நீக்கி, இடித்துப் பயன்படுத்தலாம். நிறம் சற்றுப் பழுப்பாக இருக்கும். நைலான் வலை வருவதற்கு முன்பு, பருத்தி வலைகள் உப்புநீரில் மக்கிப்போகாமலிருக்க மீனவர்கள் இத்தகைய துவர்ப்புச் சாற்றில்தான் அவற்றைத் தோய்த்தெடுத்தார்கள். ஆகவே இந்தக் கரைக்கு இது புதிய வித்தை அன்று.

முழுத் துணிக்கும் ஒரே நிறம் ஏற்றுவதாக இருந்தால், கடுக்காய் ஏறிய துணியை 45 கிராம் படிகாரம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் அரை நாள் ஊறவைத்து நிழலில் உலர்த்தி, ஓரிரு நாள் வைத்திருந்து, லேசாக அலசிய பிறகு சாயத்தில் இடுங்கள். ஆவாரம்பூ புதியதாக இருந்தால் துணியின் எடையைப் போல் இரண்டு மடங்கு வேண்டும். உலர்ந்ததாக இருந்தால் சம எடை போதும். எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரத்தில் அரை மணி நேரம் காய்ச்சி வடித்து, அந்தச் சாற்றில் துணியை மெல்லச் சூடேற்றிப் புரட்டிக்கொண்டே இருந்தால் நல்ல மஞ்சள் ஏறும். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் நிறம் கருகிவிடும். இந்தப் பாத்திரங்களைச் சமையலுக்குத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

பீட்ரூட், மஞ்சள் ஆகிய இரண்டையும் நான் சாயமாகக் கணக்கில் வைப்பதில்லை. பீட்ரூட் நிறம் ஒரு சலவைக்குள் போய்விடும். மஞ்சள்தூள் நிறம் வெயிலில் வெளுத்துவிடும். அவுரி நீலத்துக்குத் இலைச்சாயத்தைப் புளிக்கவைக்கும் தனித் தொட்டி வைக்க வேண்டும். அது வேறு முறையென்பதால் இங்கே சேர்க்கவில்லை.

அச்சிடுவதற்கு ஒரு கரைசலும் ஒரு பசையும் போதும். கருப்புக்கு, துருப்பிடித்த ஆணிகளையும் தகரத் துண்டுகளையும் இரண்டு கைப்பிடி எடுத்து, ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் பனங்கருப்பட்டியோடு மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி இரண்டு மூன்று வாரம் வையுங்கள். மேலே நுரை கட்டிப் புளித்த வாடை அடங்கிய பிறகு வடிகட்டினால் இரும்புக் கரைசல் கிடைக்கும். இக்கரைசலை அச்சில் ஒற்றிக் கடுக்காய்த் துணியில் பதிக்கும்போது முதலில் வெளிறிய சாம்பல் கோடாகத்தான் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீலங்கலந்த கருமையாக மாறி, உலர்வதற்குள் முழுக் கருப்பாகிவிடும். இரும்பும் துவர்ப்பும் இழைக்குள்ளேயே கூடுவதால் இந்தக் கருப்பு எளிதில் கரையாது. ஆனால் இரும்பு மிகுந்தால் காலப்போக்கில் அந்த இடத்தில் இழை நைந்து துளை விழும். எனவே மெல்லிய கோடுகளுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

சிவப்புக்கு உரிய பசை படிகாரம். 100 மில்லி வெந்நீரில் 10 கிராம் படிகாரத்தைக் கரைத்து, ஊறவைத்த கருவேலம் பிசினைக் கூழ் பதத்துக்கு வரும் வரை சேர்க்க வேண்டும். இந்தப் பசைக்கு நிறமில்லை. எங்கே அச்சிட்டோம் என்பதே தெரியாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பதிமுகம் என்னும் செந்நிற மரச்சீவலைக் காய்ச்சிச் சில சொட்டு விட்டால் பசை இளஞ்சிவப்பாகி, பதிப்பது கண்ணுக்குத் தெரியும். பசையைச் சணல் துணி விரித்த தட்டில் பரப்பி, மரஅச்சை அதில் ஒற்றி, துணியின் கீழே தடித்த போர்வை விரித்து, அச்சின் நடுவில் கைமணிக்கட்டால் ஒரே தட்டாகத் தட்டுங்கள். இருமுறை தட்டினால் விளிம்பு இரட்டித்துவிடும். அச்சிட்ட துணியை இரண்டு மூன்று நாள் நிழலில் தொங்கவிட வேண்டும். கடற்காற்றின் ஈரப்பதம் இந்த வேலைக்குச் சாதகமானது.

பிறகு வருவது அலசல். இழையில் ஒட்டாத படிகாரம் துணி முழுவதும் பரவினால் அச்சிடாத இடமும் சிவந்துவிடும். ஓடும் நீரில் அலசினால் அது உடனுக்குடன் அடித்துச் செல்லப்படும்; துணியில் சாய ஓவியம் தீட்டும் காளத்திக் கலம்காரிக்காரர்களுக்குப் பொன்முகலி ஆறு அமைந்தது அதனால்தான் அருமை. வறண்ட வைகை பெரிய கண்மாயோடு முடியும் நம் ஊரில் அதற்கு வழியில்லை. ஒரு பிடி கோதுமைத் தவிட்டை வெந்நீரில் கரைத்து, அதில் துணியைச் சில நிமிடம் அசைத்துக்கொண்டே வைத்தெடுத்து, பின்னர் மூன்று நான்கு வாளி நீரில் மாற்றி மாற்றி அலசுங்கள்.

இந்தக் கரையின் பழைய சிவப்பு, மணற்பாங்கில் படரும் சாயவேரிலிருந்து வந்தது. இம்பூறல் என்றும் சொல்வார்கள். அதன் வேர்ப்பட்டையில் அலிசரின் என்னும் சிவப்பு நிறப்பொருள் உள்ளது. அதே அலிசரினை 1868இல் ஜெர்மனியில் வேதியியலாளர்கள் கிரேபேவும் லீபர்மானும் செயற்கையாக ஆக்கிய பிறகு வேர்ச்சாயத்தின் சந்தை சரிந்தது. காட்டில் கிடக்கும் சாயவேரை இப்போது அகழ்ந்தெடுக்க வேண்டாம். தோட்டத்தில் மணற்பாத்தி போட்டு விதைப்பதே முறை. அதுவரைக்கும் மஞ்சணத்தி வேர் போதும். நிலம் திருத்தும்போது பிடுங்கி எறியும் மரத்தின் வேர்ப்பட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பட்டையில் புளிப்புத்தன்மை இருக்கிறது. குளிர்ந்த நீரில் இரண்டு முறை கழுவி நீக்காவிட்டால் படிகாரத்தைக் கரைத்துவிடும். கழுவிய பட்டையைத் துணியின் எடைக்குச் சமமாக எடுத்து இடித்து, ஒரு சிட்டிகைக் கிளிஞ்சல் சுண்ணாம்பு சேர்த்து, குளிர்ந்த நீரிலேயே துணியையும் இட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். அடுப்பை அவசரப்படுத்தினால் நிறம் செம்பழுப்பாக நின்றுவிடும். சிவப்பு நன்றாகத் திரள்வதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால், மற்ற சாயங்களுக்கு ஆகாத கடினநீர் இந்த ஒன்றுக்கு ஓரளவு ஆகும். சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லைத் தொட வேண்டாம். மன்னார் வளைகுடாவில் அதை எடுப்பது குற்றம்.

தாளில் வேலை சுலபம். பருத்திக் கூழில் செய்த கைத்தாளில் நீர்த்த படிகாரக் கரைசலைத் தூரிகையால் ஒருமுறை பூசி உலர்த்திய பின், பிசின் சேர்த்த ஆவாரம்பூச் சாற்றாலோ பதிமுகச் சாற்றாலோ தீட்டலாம். இலைப் பதிவுக்கு, வீட்டு முற்றங்களில் நிற்கும் நாட்டு வாதாமரத்தின் இலையை எடுங்கள். அதில் துவர்ப்பு மிகுதி. நீர் கலந்து மிக மெல்லியதாக்கிய இரும்புக் கரைசலில் இலையை நனைத்து ஒற்றி, படிகாரம் பூசி ஈரமாயுள்ள இரு தாள்களுக்கு நடுவே நரம்புப் பக்கம் கீழாக வைத்து, மரப்பலகைகளுக்கிடையே இறுக்கிக் கட்டி, இட்லிச் சட்டியில் ஒரு மணி நேரம் ஆவி காட்டுங்கள். கட்டு முழுவதும் ஆறும் முன் பிரித்தால் ஈரத்தாள் கிழியும். நரம்புகள் கருங்கோடுகளாகவும், இலைப்பரப்பு மஞ்சள் கலந்த சாம்பலாகவும் பதிந்திருக்கும். இரும்பு காலப்போக்கில் தாளை அரிக்கும் என்பதால் இந்தப் பதிவுகளை முக்கியமான ஆவணங்களோடு அடுக்கி வைக்காதீர்கள்.

முடித்த ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டை எடுத்து, பாதியை அட்டையால் மூடி, தெற்குச் சன்னலில் இரண்டு வாரம் ஒட்டிவைத்துப் பார்த்த பிறகே அந்த முறையில் சேலையோ மேசை விரிப்போ செய்யத் தொடங்குங்கள். எஞ்சிய படிகார நீரையும் இரும்பு நீரையும் நன்றாக நீர்த்து, பயிரில்லாத தரையில் ஊற்ற வேண்டும். ஊருணிக் கரையில் ஊற்றக் கூடாது.