ஏற்காட்டில் 100 டிகிரி எழுதாதீர்கள்

சேலத்தில் ஒரு தடவை, ஏற்காட்டில் ஒரு தடவை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொதிநிலையைக் குறித்து வருவது மாணவர்களுக்கு ஏற்ற செய்முறை. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். உயரம் கூடக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் கொதிநிலை இறங்கும். கீழே 99, மேலே 95 அருகில் வரும்.

இதில் பெரிய தவறு அடுப்பருகே நடப்பதில்லை, ரெக்கார்டு நோட்டில் நடக்கிறது. தெர்மாமீட்டர் 95 காட்டும்; புத்தகத்தில் 100 இருக்கிறதே, மார்க் போய்விடுமே என்று கை 100 எழுதும். அந்த 100 கடல் மட்டக் காற்றழுத்தத்துக்கு உரியது. திருத்தி எழுதினால், மலையேறிக் கண்டுபிடித்ததை நாமே அழித்துவிடுகிறோம். நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக 95 எழுதினாலும் அதே தவறுதான். கருவி மேல் சந்தேகமா? உருகும் பனிக்கட்டியில் வைத்துப் பாருங்கள். 0 காட்டாவிட்டால் அதையும் எழுதுங்கள்.

அடுத்தது, காரணத்தை அவசரப்பட்டு முடிவு செய்வது. "ஏற்காடு குளிர், அதனால்தான் கொதிநிலை குறைவு" என்று பலர் எழுதிவிடுவார்கள். மலையேறும்போது குளிர் கூடுகிறது, காற்றழுத்தமும் குறைகிறது; இரண்டும் சேர்ந்தே மாறுவதால் வரும் குழப்பம் இது. பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. சேலத்திலேயே மே மாத மதியத்திலும் மார்கழி விடியற்காலையிலும் அளந்து பாருங்கள். வெயிலுக்கும் பனிக்கும் அவ்வளவு வித்தியாசம் இருந்தும் கொதிநிலை அநேகமாக அசையாது. அப்புறம் குளிரைக் குற்றம் சொல்ல முடியாது.

கீழே குழாய்த் தண்ணீர், மேலே கிணற்றுத் தண்ணீர், இரண்டு தெர்மாமீட்டர் என்று போனால் வித்தியாசம் எதனால் வந்தது என்றே தெரியாது. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை ஒரே கேனிலிருந்து எடுங்கள், கருவியும் ஒன்றாகவே இருக்கட்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் மட்டும் வேண்டாம். 42 டிகிரியோடு அதன் அளவு முடிந்துவிடும், கண்ணாடியாக இருந்தால் வெடிக்கவும் செய்யும். தெர்மாமீட்டரின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. கண் அளவுகோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு டிகிரிக் கோடுகள் உள்ள கருவியில் பார்த்துவிட்டு 95.37 என்று எழுதுவது வெறும் கற்பனை. மூன்று முறையாவது அளங்கள். ஒன்று மட்டும் விலகி நின்றால், காரணம் தெரியாமல் அடித்துவிடாதீர்கள்.

வரைபடம் போடுகிறவர்கள் வழியில் பாதுகாப்பாக நிற்க முடிகிற ஓரிரு இடங்களில், பெரியவர்கள் துணையோடு அளக்கலாம். 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் இருப்பதால் கிடை அச்சில் அதையே போட்டுவிடத் தோன்றும். சரிப்படாது. வளைவுக்கு வளைவு ஏற்றம் ஒரே அளவு இல்லை. அந்தந்த இடத்தின் உயரத்தைப் போனில் பார்த்து மீட்டரில் குறியுங்கள்.