கணினியிலிருந்து இலவசமாகப் பேச: ஆப்பைவிட மைக்கைக் கவனியுங்கள்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இரு பக்கமும் ஒரே ஆப் இருந்தால், அல்லது இருவரும் ஒரே லிங்க்கைத் திறந்தால்தான் காசில்லாமல் பேச முடியும். கணினியிலிருந்து சாதாரண போன் எண்ணுக்கு அழைப்பது வேறு சேவை, பெரும்பாலும் அதற்குக் கட்டணம் உண்டு. பழைய வழிகாட்டிகள் பலவும் ஸ்கைப்பைத்தான் சொல்லும். அது 2025 மே மாதமே மூடப்பட்டுவிட்டது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எதைப் பயன்படுத்துவது? நீங்கள் பேச வேண்டியவரிடம் ஏற்கெனவே எது இருக்கிறதோ அதையே. வாட்ஸ்அப் என்றால் கணினிக்கான ஆப்பை நிறுவுங்கள். போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'லிங்க்டு டிவைசஸ்' போய், கணினித் திரையில் வரும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் இணைந்துவிடும். அதன்பின் போன் அணைந்திருந்தாலும் கணினியில் பேசலாம். ஆனால் போனில் 14 நாட்களுக்கு மேல் வாட்ஸ்அப்பைத் தொடாமல் இருந்தால் கணினியில் தானாகவே வெளியேறிவிடும். சிக்னல் என்ற ஆப்பையும் இதேபோல் போனோடு இணைக்கலாம்.

எதையும் நிறுவ விருப்பமில்லையா? கூகுள் மீட்டில் ஒரு லிங்க் உருவாக்கி அனுப்புங்கள், கேமராவை அணைத்துவிட்டுப் பேசுங்கள். இலவசக் கணக்கில் இருவர் பேச்சு 24 மணி நேரம் வரை போகும். மூன்றாவது ஆள் சேர்ந்தால் வரம்பு 60 நிமிடம்.

இனிதான் உண்மையான வேலை. "நான் பேசுவது கேட்குதா?" என்ற கேள்வியிலேயே பாதி அழைப்புகள் கழிவதற்கு ஆப் காரணமில்லை, மைக்தான். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் 'இன்புட்' பகுதியில் சரியான மைக் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பேசும்போது அங்குள்ள பட்டை அசைய வேண்டும். அசைந்தும் எதிர்ப்பக்கம் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் அனுமதிதான் தடை: ஆப்புக்கு 'பிரைவசி' பகுதியில் மைக்ரோபோன் அனுமதி, பிரவுசரில் பேசினால், கூடவே முகவரிப் பட்டையின் இடது ஓரக் குறியை அழுத்தியும் அனுமதி கொடுக்க வேண்டும்.

பட்டையே அசையவில்லையா? ஹெட்செட்டின் பின்னைப் பாருங்கள். உலோக முனையில் மூன்று கருப்பு வளையங்கள் இருந்தால் அது ஒலியும் மைக்கும் ஒன்றாக வரும் பின். மேசைக் கணினியின் பச்சைத் துளையில் செருகினால் காதில் கேட்கும், மைக் வேலை செய்யாது. ஒலிக்கான பச்சைத் துளைக்கும் மைக்குக்கான இளஞ்சிவப்புத் துளைக்கும் பிரித்துத் தரும் ஒய் வடிவ இணைப்பி வேண்டும். யூஎஸ்பி ஹெட்செட்டில் இந்தத் தலைவலி இல்லை.

ப்ளூடூத் ஹெட்செட்டில் சிக்கல் வேறு. பாட்டு கேட்கும்போது நன்றாக இருந்த ஒலி, அழைப்பு தொடங்கியதும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். அதன் மைக்கைத் திறந்தவுடன் பல ஹெட்செட்டுகள் தரம் குறைந்த பேச்சு முறைக்கு மாறுவதால் இப்படி. இன்புட்டாக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்து, ஹெட்செட்டைக் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரொலி பற்றிப் பலரும் தவறாகவே நினைக்கிறார்கள். உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டால் கோளாறு உங்களிடம் இல்லை. எதிர்ப்பக்கம் ஸ்பீக்கரில் வரும் ஒலியை அவர்கள் மைக்கே பிடித்து அனுப்புகிறது. அவரை ஹெட்செட் போடச் சொல்லுங்கள், அல்லது ஸ்பீக்கர் ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பேச்சுக்கு இணைய வேகம் அதிகம் தேவையில்லை. ஒரு திசைக்கு விநாடிக்கு 40 கிலோபிட் என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு இரு திசையும் சேர்த்து சுமார் 36 எம்பிதான். குரல் வெட்டி வெட்டி வருவதற்கும் ரோபோ போல் ஒலிப்பதற்கும் காரணம், குரலைச் சுமந்து செல்லும் சிறு தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகள் வழியில் தொலைவது அல்லது தாமதமாக வருவது. பின்னணியில் படங்களை கிளவுடுக்கு ஏற்றும் வேலை ஓடினால் நிறுத்துங்கள். அப்லோடு அடைபட்டால் முதலில் அடிவாங்குவது உங்கள் குரல்தான். வைஃபையைவிட கேபிள் மேல். கேபிளுக்கு வழியில்லை, ரவுட்டர் அதே அறையில் இருக்கிறது என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள்.

மணி அடிக்கிறது, எடுத்த பிறகு 'கனெக்டிங்' என்றே நிற்கிறதா? அலுவலக, கல்லூரி நெட்வொர்க்குகளில் யூடிபி போக்குவரத்தை (அழைப்பின் ஒலி பொதுவாகச் செல்லும் இணைய வழி) தடுத்து வைத்திருந்தால் இப்படி ஆகும். கணினியை போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அதே நபரை அழைத்துப் பாருங்கள். உடனே பேச முடிந்தால் ஆப்பை அழித்து மறுபடி நிறுவிப் பயனில்லை. நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள்.