பாண்டி பீச் ரோட்டுக்கு வருகிறவர்களுக்கு

பாண்டியில் வீடு இருந்தால் விடுமுறைக்கு உறவினர்கள் வருவார்கள். வந்தால் பீச் ரோட்டைக் காட்டச் சொல்வார்கள். முத்தியால்பேட்டையில் குடியிருக்கும் எனக்கு இது பாதி உத்தியோகமாகவே ஆகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

நீங்கள் வரவேண்டிய நேரம் அதிகாலை. ஐந்தரை மணிக்குச் சாலையில் இருக்க வேண்டும். "சாயங்காலம் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துவிட்டு அப்படியே சாப்பிடப் போகலாம்" என்று திட்டத்தோடு வருகிறார்கள். இது கிழக்குக் கடல். சூரியன் இங்கே கடலிலிருந்து எழும். மறைவதெல்லாம் ஊருக்குப் பின்னால், பஸ் நிலையத்துப் பக்கம். மாலையில் கடலில் ஏதாவது பார்த்தே தீரவேண்டும் என்றால் பௌர்ணமியன்று வாருங்கள். நிலா எழுவதைப் பார்க்க உள்ளூர்க்காரர்களே வந்து உட்காருவார்கள்.

அதிகாலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை இந்தச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மாலையில் அந்த வசதியை ஊரே சேர்ந்து அனுபவிக்கும். சனி, ஞாயிறு என்றால் சென்னையும் பெங்களூரும் கூடச் சேர்ந்துகொள்ளும். காலையிலோ, நடைப்பயிற்சிக்காரர்களையும் அரவிந்தர் ஆசிரமத்துப் பெரியவர்களையும் தவிர அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். முழுச் சாலையும் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தாலும் ஏழரைக்குள் முடித்துவிடலாம்.

குளிக்கும் எண்ணத்தோடு யாரும் வர வேண்டாம். துண்டும் மாற்று உடையும் பையில் வைத்துக்கொண்டு வந்த மதுரைச் சித்தப்பா, "மணல் எங்கேப்பா?" என்றுதான் முதலில் கேட்டார். கேள்வி நியாயமானது. என் சிறு வயதுக்கு முன்பே ஆரம்பித்த கதை இது. வருடத்தின் பெரும்பகுதியில் இந்தக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். 1980-களின் இறுதியில், ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் புதிய துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் வந்தன. வருகிற மணல் அங்கேயே தேங்கியது; தென்பக்கக் கரை அகன்றது. வடக்கே எங்கள் கரைக்கு வரவு நின்றது, செலவு மட்டும் நிற்கவில்லை. கடல் சாலையைத் தின்றுவிடாமல் இருக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். நீங்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிற அந்தப் பாறைகள் இயற்கை தந்தவை அல்ல, லாரியில் வந்தவை. அரிப்பு அதோடு நிற்காமல் வடக்கே கோட்டகுப்பம், தந்திராயன்குப்பம் என்று மீனவ ஊர்களுக்கு நகர்ந்துவிட்டது. நகரத்தைக் காப்பாற்றிய கல், அடுத்த ஊருக்குத் தலைவலி.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே மட்டும் இப்போது கொஞ்சம் மணல் இருக்கிறது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018-இல் கடலுக்குள் இரும்பாலான ஒரு பெரிய ஆப்பை இறக்கி, அலையின் வேகத்தை உடைத்ததால் சேர்ந்த மணல் அது. குழந்தைகள் கால் நனைக்கட்டும், அவ்வளவுதான். அலை திரும்பும்போது இழுக்கிற இழுப்பு இந்தக் கரையில் கடுமையானது. காவலர் விசில் ஊதினால் வாதாடாமல் மேலே வந்துவிடுங்கள். பாறைகளில் இறங்கவே வேண்டாம். பாசி வழுக்கும், கல்லிடுக்கில் விழுந்த கைபேசி திரும்பி வராது. மணலில் நாள் முழுக்க உட்கார வேண்டுமென்றால் சின்ன வீராம்பட்டினத்து ஈடன் பீச்சுக்குப் போங்கள். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்ற கரை அது. அங்கேயும் கடல் இதே கடல்தான் என்பதை மறக்க வேண்டாம்.

நடையை வடக்கு முனையில் தொடங்குங்கள். டெம்போவிலோ ஆட்டோவிலோ அஜந்தா சிக்னலில் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால் சாலை வந்துவிடும். ஆட்டோவில் ஏறுமுன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். சாலையின் பெயர்ப் பலகையில் குபேர் என்று இருக்கும். புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயர் அது. ஆனால் குபேர் சாலை என்று வழி கேட்டால் பாதிப் பேர் குபேர் அங்காடிக்கு, அதாவது பெரிய மார்க்கெட்டுக்கு, அனுப்பிவிடுவார்கள். பீச் ரோடு என்றே கேளுங்கள்.

செயலகத்தைத் தாண்டினால் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் பிரெஞ்சுப் போர் நினைவிடம். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போய்த் திரும்பாத பாண்டிக்காரர்களுக்காக எழுப்பியது. கம்பிக்கதவு பெரும்பாலும் பூட்டியே இருக்கும். வெளியில் நின்று பார்க்கலாம். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14-இல் வந்தால் விளக்கும் விழாவுமாக இருக்கும். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குடும்பங்கள் இந்த ஊரில் இன்னும் உண்டு. அவர்களை இங்கே 'சொல்தா' என்போம்.

அடுத்தது காந்தி திடல். காந்தியைச் சுற்றி நிற்கிற எட்டுக் கல்தூண்களைக் காந்தியை விட நிதானமாகப் பாருங்கள். செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்று சொல்வார்கள். அவற்றின் செதுக்கு வேலை அதிகாலைச் சாய்வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். பத்து மணி வெயிலில் வெறும் கல்லாகிவிடும். எதிரே பழைய கலங்கரை விளக்கம், 1836-இல் ஏற்றியது. கடலுக்குள் அலை தாழ்ந்திருந்தால் சில இரும்புத் தூண்களின் தலை தெரியக்கூடும். கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்கிய பழைய கடல்பாலத்தின் மிச்சம். 1952 புயல் அதைக் கொண்டுபோய்விட்டது. தெற்கே நீங்கள் பார்ப்பது அதற்குப் பிறகு கட்டியது. அதிலும் ஒரு பகுதி 2022-இல் இடிந்து விழுந்தது. ஆக, இந்தக் கடலில் பாலம் கட்டுகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும்.

காபிக்கு, கடல் பக்கத்திலேயே லெ கஃபே இருக்கிறது. முன்பு துறைமுக அலுவலகமாக இருந்த கட்டடம். காபியில் பெரிதாக ஒன்றுமில்லை; நீங்கள் காசு கொடுப்பது நாற்காலிக்கு. காலை ஆறு மணிக்குக் கடலைப் பார்த்த நாற்காலி கிடைக்கும், மாலையில் வரிசையில் நிற்க வேண்டும். நாக்குக்கு முக்கியத்துவம் கொடுப்பவர்கள் கொஞ்சம் பொறுத்திருந்து நேரு வீதிப் பக்கம் போய் இட்லி சாப்பிடலாம். நான் அந்தக் கட்சி.

இதைத் தாண்டி மஞ்சளும் வெள்ளையுமாக நிற்கும் மேரி கட்டடத்தை, அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மன்றத்தை, பழமை என்று நினைத்து எல்லோரும் படம் எடுப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்துவிட்டது. அதே வடிவத்தில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். நன்றாகவே கட்டியிருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. அதன் பக்கத்தில் உள்ளே திரும்பினால் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு தேவாலயம். வழிகாட்டி நூல்களில் தூய தேவதைகளின் அன்னை ஆலயம் என்றெல்லாம் நீளமாக இருக்கும். எங்களுக்கு அது கப்ஸ் கோயில். கப்புச்சின் சபைத் துறவிகளால் வந்த பெயர். 1855-இல் முடித்த கட்டடம். எதிர்த் தோட்டத்தில் ஜோன் ஆஃப் ஆர்க் சிலை. பூசை நடக்கும்போது கேமராவோடு உள்ளே நுழையாதீர்கள்.

தெற்கு முனையில் பூங்காவுக்குள் பழைய பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே சிலையாக நிற்கிறார். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்தது இவரிடம்தான். பிள்ளையின் மாளிகை ஊருக்குள் ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறது. ஆளுநருக்குச் சிலை, துபாஷிக்குத் தெரு.

ஏழரைக்கு வண்டிகள் வந்துவிடும், வெயிலும் ஏறிவிடும். அப்போது ரூ துய்மா, ரூ சுஃப்ரேன் என்று உள்வீதிகளின் நிழலில் வடக்கே திரும்பி நடந்தால் பாரதி பூங்கா, அதையடுத்து மணக்குள விநாயகர் கோயில், ஆசிரமம் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். கோயிலில் யானை எங்கே என்று குழந்தைகள் கேட்பார்கள். லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது, ஊரே அழுதது. முன்பே சொல்லிக் கூட்டி வாருங்கள். ஆசிரமத்தில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை விட மாட்டார்கள். ஆகவே ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். அதை யார் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. உள்வீதி வீடுகளின் வாசற்படியில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதை நிறுத்துங்கள். சுவர் மஞ்சளாக இருந்தாலும் உள்ளே மனிதர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

காரில் வருகிறவர்கள் அதை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். ரயிலில் வந்தால் நிலையத்திலிருந்து கடல் நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் போடுவார்கள். பிற்பகலில் அதைக் குறுக்கே கடக்கிற ஆட்டோவில் ஏறினால் கட்டணத்தை விடப் பொறுமை அதிகம் செலவாகும்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் சுகம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கத்தில்தான் கரையேறியது. புயல் எச்சரிக்கை இருக்கும்போது அலையைப் படம் பிடிக்க வருகிற கூட்டத்தை விரட்டுவதே போலீசுக்குத் தனி வேலை. மாசி மகத்தன்று முடிந்தால் வாருங்கள். ஆனால் பீச் ரோட்டுக்கு அல்ல, வடக்கே வைத்திக்குப்பத்துக்கு. மயிலம் முருகன் முதலாகப் பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு அங்கே கடலுக்கு வருவார்கள். அன்றைக்கு மோர் பந்தல் இல்லாத தெரு கிடையாது.

டிசம்பர் 31 இரவு மட்டும் வேண்டவே வேண்டாம். அன்று வருகிற உறவினர்களுக்கு எங்கள் வீட்டில் இடம் இல்லை என்று இப்போதே அறிவித்துக்கொள்கிறேன்.